வால்வா ஐசியா: ஹவாயன் கிட்டாருக்கு ஆம்ப்ளி தேடி ரெண்டையும் கழட்டுன கதை

போன தை மாசம் ஏற்காட்டுல ஒரு கல்யாண ரிசப்ஷன். நான் வாசிக்கறது பெரியப்பா வச்சிருந்த ஹவாயன் கிட்டார், ஆறு கம்பி, மடியில படுக்கப்போட்டு இரும்பு பார் வச்சு இழுக்கற ஸ்டீல் கிட்டார்தான், பிக்கப் (கம்பி ஆடறத கரண்டா மாத்தற சுருள்) மட்டும் நானே சுத்துனது. தொழில் மோட்டார் ரீவைண்டிங், சேலம் குகையில சின்னக் கடை, அதனால தலைமுடி கனத்துல இருக்கற கம்பியக் கையில எடுக்கவும் பயமில்ல. அன்னிக்கு மைக் செட்காரர் ஆம்ப்ளியில நேரா குத்தி வாசிச்சேன். ஈரச்சாக்குக்குள்ள கிட்டார வச்சுக் கட்டி வாசிச்ச மாதிரி இருந்துச்சு. சரின்னு ட்ரெபிள ஏத்துனா, சுருதி எதுவும் தெளியல, பார் கம்பிய உரசற கீச்சு சத்தம் மட்டும் மேல இருக்கற ட்வீட்டர் (கீச்சுச் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர்) வழியா ஊருக்கே கேக்குது. முன்வரிசையில ஒரு பெரியவர் முடிஞ்சதும் வந்து, "தம்பி, இந்த வாத்தியம் டிரான்சிஸ்டர் செட்டுல பேசாதுப்பா, வால்வு செட்டு வேணும்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

அந்த ஒரு வார்த்தையால ஆறு மாசம் போச்சு.

வால்வுன்னா டிரான்சிஸ்டர் வர்றதுக்கு முன்னாடி ரேடியோவுல எல்லாம் இருந்த கண்ணாடிக் குழாய். அந்த வால்வு செட்டுக்கு எங்க போறது? செவ்வாய்பேட்டையில பழைய சாமான் எடுக்கற ஒருத்தர்கிட்ட சொல்லி வச்சிருந்தேன், அவரு எஸ்டேட் பங்களா ஒண்ணக் காலி பண்ணப்ப வந்த ரேடியோகிராம் (ரேடியோவும் ரெக்கார்டு பிளேயரும் சேந்த பெட்டி) ஒண்ணு இருக்குன்னு கூப்ட்டாரு. மரப்பெட்டி கரையான் அரிச்சுப் போச்சு, உள்ள சேஸிஸ் முழுசா இருந்துச்சு. ஏசிய டிசியாக்கற ரெக்டிஃபயர் வால்வு ஈஇசட் 81, முன்னாடி ஈசிசி 83, கடைசியில ஸ்பீக்கர ஓட்ட ஈஎல் 84 ரெண்டு புஷ்புல்லா, அதாவது ஒண்ணு தள்ள ஒண்ணு இழுக்க. அதுல ஒரு வால்வு மேல பாரத் எலக்ட்ரானிக்ஸ் முத்திரை, பெங்களூருல செஞ்சது. 2500 ரூபாய் குடுத்து ஆட்டோவுல தூக்கிட்டு வந்தேன்.

இந்த மாதிரி ஒண்ணு கெடைச்சா தயவுசெஞ்சு நேரா பிளக்குல குத்தாதீங்க. முதல்ல சீரிஸ் போர்டுல (பல்பு வழியாத்தான் கரண்டு போற பலகை) 60 வாட் குண்டு பல்பு போட்டுத்தான் கரண்டு குடுத்தேன், பல்பு பளிச்சுனு எரிஞ்சுது, மங்கவே இல்ல, அதாவது உள்ள எங்கயோ ஷார்ட். ஃபில்டர் கண்டென்சர் டப்பா, 50ம் 50ம் ஒரே குப்பியில இருக்கறது, காஞ்சு வீங்கிப் போயிருந்துச்சு. அதக் கழட்டிட்டு 47 மைக்ரோ 450 வோல்ட் ரெண்டு அடியில வச்சு சால்டர் பண்ணுனேன். பல்பு மங்குச்சு. பல்பு இல்லாம நேரா கரண்டுல போட்டா ரெண்டு நிமிஷத்துல ஒரு ஈஎல் 84 உள்ள தகடு ஹீட்டர் கம்பி மாதிரி செவக்குது. உடனே ஆஃப். காரணம் முன் வால்வுல இருந்து சிக்னல மட்டும் விடற கப்ளிங் கண்டென்சர் கசிவு, வால்வுக்குள்ள சிக்னல் போற கிரிட்டுல பூஜ்யம் இருக்க வேண்டிய எடத்துல மீட்டர் பிளஸ் 4 வோல்ட் காட்டுச்சு. ரெண்டு பக்கமும் 0.047, 630 வோல்ட் பாலியஸ்டர் போட்டதுக்கு அப்புறம் கேத்தோடு ரெசிஸ்டர்ல 11 வோல்ட் நின்னுச்சு, 130 ஓமுக்கு அது 85 மில்லி ஆம்ப் கிட்ட, ரெண்டு வால்வுக்கும் சேத்து. சரியான கணக்கு.

இதுல 300 வோல்ட் டிசி இருக்கு, ஆஃப் பண்ணுன பிறகும் கண்டென்சர்ல நிக்கும். மோட்டார் வேலையில ஷாக் அடிச்சுப் பழகுன கை தானேன்னு நானும் அலட்சியமா இருந்தேன், ஒரு தடவை முழங்கை வரைக்கும் இழுத்துச்சு. இப்ப 10 கே (10 ஆயிரம் ஓம்) 5 வாட் ரெசிஸ்டர் ஒண்ணுக்கு ரெண்டு பக்கமும் வயர் போட்டு வச்சிருக்கேன், அத வச்சு டிஸ்சார்ஜ் பண்ணி மீட்டர்ல பாத்துட்டுத்தான் உள்ள கைய விடறது. இன்னொண்ணு, வால்வு ஆம்ப்ளிய ஸ்பீக்கர் மாட்டாம ஓட்டக்கூடாது, அவுட்புட் டிரான்ஸ்பார்மர்ல வோல்டேஜ் எகிறி உள்ளயே பொறி அடிச்சுப் போயிடும். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிக்கு நேர் எதிர், ஸ்பீக்கர் இல்லைன்னா சும்மா இருக்கும், ஷார்ட் ஆனாத்தான் போகும். டிரான்ஸ்பார்மர் போனா நீதான் சுத்துவியேன்னு கேப்பீங்க. புஷ்புல் அவுட்புட்ல பிரைமரியும் செகண்டரியும் அடுக்கடுக்கா மாத்தி மாத்தி சுத்தணும், அத ஒரு தடவை சுத்திப் பாத்தவன் ரெண்டாந்தடவை சுத்த மாட்டான்.

கிராமஃபோன் பின்னுக்குப் போற இன்புட்ல கிட்டாரக் குத்துனேன். அப்பா! அதே கிட்டார், அதே பிக்கப். கம்பி ஒவ்வொண்ணும் தனித்தனியா பேசுது, பார இழுத்தா ஒரு ஸ்வரத்துல இருந்து அடுத்ததுக்கு எண்ணெய் ஊத்துன மாதிரி வழுக்கிட்டுப் போகுது. வீட்டுக்காரம்மா சமையல்கட்டுல இருந்து எட்டிப் பாத்துட்டு "இதுதானா அது"ன்னாங்க. பெரியவர் சொன்னது சரிதான்னு முடிவே பண்ணிட்டேன்.

ஒரு வாரம் கழிச்சு தபேலாக்காரரும் கீபோர்டு வாசிக்கற தம்பியும் வீட்டுக்கு வந்தாங்க. அங்கதான் மாட்டிக்கிட்டேன்.

ஸ்டீல் கிட்டார் வாசிக்காதவங்களுக்கு இது புரியாது, அதனால சொல்லிடறேன். நாங்க வால்யூம் பெடல் மேல கால வச்சுக்கிட்டே வாசிக்கறோம். கம்பியத் தட்டும்போது பெடல் பாதிதான் திறந்திருக்கும், சத்தம் அடங்க அடங்கக் கால அமுக்கிக்கிட்டே போகணும், அப்பத்தான் ஸ்வரம் சாகாம நீளும், பாட்டுக்காரங்க மூச்சப் பிடிக்கற மாதிரி. அதுக்கு ஆம்ப்ளியில எப்பவும் பாதிக்கு மேல மிச்சம் இருக்கணும். 15 வாட் வால்வ தபேலாவுக்கு மேல கேக்கற அளவுக்கு ஏத்துனா மிச்சமே இல்ல, கால அமுக்குனா சத்தம் ஏறல, கரகரப்புதான் ஏறுது. ஒத்தக் கம்பியில வாசிக்கறப்ப அந்தக் கரகரப்பு அழகாத்தான் இருக்கு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா என் ட்யூனிங் சி 6, கீழ இருந்து சி, ஈ, ஜி, ஏ, சி, ஈ. ஜி 196 ஹெர்ட்ஸ், அடுத்த கம்பி ஏ 220. ரெண்டையும் சேத்துத் தட்டுனா ஆம்ப்ளி தாங்காம சத்தம் உடையற எடத்துல அதுங்களோட வித்தியாசம் 24 ஹெர்ட்ஸ் ஒண்ணு அடியில உறுமுது, கூட்டல் கழித்தல்னு இன்னும் என்னென்னமோ சேந்து கூழாயிடுது. கிட்டார்காரங்க ராக் வாசிக்க ரெண்டு கம்பிய மட்டும் அமுக்கறது ஏன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு.

இதுக்கு அமெரிக்காக்காரன் என்ன பண்ணுனான்னு தேடிப் படிச்சேன். உலகத்துல முதல்ல நல்லா வித்த எலக்ட்ரிக் கிட்டாரே மடியில வச்சு வாசிக்கற ஸ்டீல்தான், 1932ல ரிக்கன்பேக்கர் போட்டது, வாணலி மாதிரி இருக்கும், பேரும் வாணலிதான். அப்ப டிரான்சிஸ்டரே பிறக்கல, அது 1947. அதனால பழைய ஹவாயன் ரெக்கார்டு எல்லாம் சின்ன சின்ன வால்வு செட்டுல வந்த சத்தம், நம்ம காதுல "ஸ்டீல் கிட்டார்"னு பதிஞ்சதும் அதுதான். ஆனா பின்னாடி பெடல் ஸ்டீல் (காலால பெடல அமுக்கிக் கம்பியோட சுருதிய மாத்தற, கால் வச்ச ஸ்டீல் கிட்டார்) வந்து கச்சேரி பெருசானதும் அவங்களும் ஹெட்ரூம், அதாவது உடையாம ஏத்தறதுக்கு மிச்சம், தேடி ஓடியிருக்காங்க. ஃபெண்டர் ட்வின் ரிவர்ப்னா 85 வாட், 6எல்6 நாலு, 12 இஞ்ச் ஸ்பீக்கர் ரெண்டு, தூக்கறதுக்கே ஆள் வேணும். அதுக்கப்புறம் 70கள்ல பீவி கம்பெனி செஷன் 400ன்னு முழுக்க டிரான்சிஸ்டர்ல ஒண்ணு போட்டான், 15 இஞ்ச் ஸ்பீக்கரோட, பெடல் ஸ்டீல் ஆளுங்க கூட்டங்கூட்டமா அதுக்கு மாறியிருக்காங்க, நாஷ்வில் 400 வந்தப்ப இன்னும். வால்வு வால்வுன்னு நான் உருகிட்டு இருந்தா, வாத்தியத்தப் பொழப்பா வச்சிருக்கறவன் எப்பவோ தாண்டிப் போயிட்டான்.

ட்வின் வாங்கற காசு என்கிட்ட இல்ல, அந்த ஊர்ப் பெட்டின்னா 120 வோல்ட்டுக்கு ஸ்டெப்டவுன் வேற வேணும். அதனால ஐசியில, அதாவது ஆம்ப்ளியோட டிரான்சிஸ்டர் எல்லாம் ஒரே சில்லுக்குள்ள இருக்கறதுல, ஒண்ணு நானே அசெம்பிள் பண்றதுன்னு இறங்குனேன். எல்எம் 3886. டிரான்ஸ்பார்மர் 20-0-20, 5 ஆம்பியர், அது நம்ம வேலை, ஒரு மத்தியானத்துல முடிஞ்சுது. ரெக்டிஃபை பண்ணுனா பிளஸ் மைனஸ் 28 கிட்ட வரும், 8 ஓம் ஸ்பீக்கருக்கு 35 வாட்டுக்கு மேல தரும்.

முதல் ஐசி டூப்ளிகேட். ஆன்லைன்ல பாதி விலைக்கு வாங்குனது, கரண்டு குடுத்ததும் மூடிய ஒடச்சுக்கிட்டு மேல பறந்துச்சு. புத்தி வந்து நல்ல எடத்துல வாங்குனேன். ரெண்டாவது மாட்டுனா சத்தமே இல்ல. சூடில்ல, ஹம் இல்ல, அவுட்புட்ல டிசி இல்ல, எல்லா வோல்டேஜும் சரி, ஒரு நாள் பூரா பொட்டுனு கெடக்கு. ராத்திரி 11 மணிக்கு டேட்டாஷீட்டத் திரும்பப் படிச்சா 8ஆம் பின் மியூட்டாம் (சத்தத்த அடைக்கறது), அத மைனஸ் சப்ளைக்கு ஒரு ரெசிஸ்டர் போட்டு இழுத்து வச்சாத்தான் வாயத் தொறக்குமாம், அரை மில்லி ஆம்பாவது போகணும். நான் அத அந்தரத்துல விட்டிருந்தேன். 22 கே போட்டேன், பாடுச்சு. இன்னொண்ணு, உலோக முதுகு இருக்கற ஐசின்னா அந்த முதுகு மைனஸ் சப்ளையோட சேந்தது, மைக்கா போடாம ஹீட்சிங்க்ல இறுக்குனா சேஸிஸ் வழியா ஷார்ட். இதுல மட்டும் நான் தப்பிச்சேன், ரீவைண்டிங் புத்தி, எதுவா இருந்தாலும் முதல்ல மெகர் (கரண்டு கசியுதான்னு பாக்கற மீட்டர்) வச்சுப் பாக்கறது.

இத்தனை பாடு பட்டு கிட்டாரக் குத்துனா... அதே ஈரச்சாக்கு.

ரெண்டு நாள் அதத் தொடவே இல்ல, மனசே வரல. மூணாம் நாள் ஒரு யோசனை. முன்னாடி நான் போட்டிருந்தது கடையில விக்கற ரெடிமேட் பாஸ் ட்ரெபிள் போர்டு, 4558 ஐசி போட்டது. செல்போன்ல 400 ஹெர்ட்ஸ் டோன் ஓட விட்டு, நடுவுல 47 கே ரெசிஸ்டர் ஒண்ணு தொடரா வச்சு அளந்தேன், வோல்டேஜ் கிட்டத்தட்ட சரிபாதி. அப்படின்னா போர்டோட இன்புட்டும் 47 கே. இப்ப என் பிக்கப்ப எல்சிஆர் மீட்டர்ல வச்சா 3 ஹென்றி. 3 கிலோஹெர்ட்ஸ்ல அது 56 கே ஓம் ஆயிடும். அவ்வளவு எதிர்ப்பு இருக்கற பிக்கப்பக் கொண்டுபோய் 47 கே வாயில சொருகுனா மேல்பக்க சத்தம் எல்லாம் வழியிலயே கரைஞ்சுடும். ரேடியோகிராம்ல கிராமஃபோன் இன்புட் கிரிஸ்டல் பிக்கப்புக்காகப் போட்டது, அது 500 கே. வால்வு "உயிரோட" பாடுனதுக்கு அதுதான் பெரிய காரணம், அதுல வால்வுக்கு ஒரு பங்கும் இல்ல!

டிஎல் 072 ஒண்ணு எடுத்து, 1 மெக் ரெசிஸ்டர் போட்டு, 9 வோல்ட் பேட்டரியோட சோப்பு டப்பாவுக்குள்ள ஒரு பஃபர் (பிக்கப்புக்குப் பாரம் குடுக்காம சிக்னல வாங்கி முன்னாடி தள்ளற சர்க்யூட்) கட்டுனேன், கிட்டாருக்கும் பெடலுக்கும் நடுவுல. 4558ஐயே 1 மெக்ல போடலாமேன்னு தோணும், அதோட இன்புட் கரண்டு அந்த ரெசிஸ்டர்ல விழுந்து டிசி அளவு ஒரு பக்கம் சாயும், டிஎல் 072 உள்ள எஃப்ஈடி, இன்புட்ல கரண்டே எடுக்காத மாதிரியான டிரான்சிஸ்டர், அந்தத் தொல்லை இல்ல. 60 ரூபாய் கூட ஆகல. சாக்க அவுத்து உதறுன மாதிரி கிட்டார் வெளிய வந்துச்சு.

மிச்ச வித்தியாசம் ஸ்பீக்கர்லதான் இருந்துச்சு. ட்வீட்டர் வச்ச மைக் செட் பாக்ஸ் நமக்கு ஆகாது, பார் உரசல், நகத்துல மாட்டுற பிக் சத்தம் எல்லாத்தையும் அது தட்டுல வச்சுக் குடுக்கும். 12 இஞ்ச் கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸ்க்கு மேல தானாவே படுத்துடும், அந்தப் படுக்கைதான் நமக்கு வேணும். பின்பக்கம் திறந்த பெட்டி ஒண்ணு அடிச்சு அதுல மாட்டுனேன். இதுல ஒரு கணக்கு சொல்லணும், 15 வாட்டுக்கும் 35 வாட்டுக்கும் வித்தியாசம் வெறும் 3.7 டெசிபல்தான். சத்தம் காதுக்கு ரெண்டு மடங்கா கேக்க வாட் பத்து மடங்கு வேணும். ஆனா 3 டெசிபல் கூட குடுக்கற ஸ்பீக்கர் ஒண்ணு மாட்டுனா வாட்டை ரெண்டு மடங்காக்குன மாதிரி. காச எங்க போடணும்னு கேட்டா நான் ஸ்பீக்கரத்தான் காட்டுவேன்.

இப்ப சோதனை. ஒரே ஸ்பீக்கர், ஒரே பஃபர், ஆம்ப்ளி மட்டும் மாத்தறது. ஸ்பீக்கர் முனையில ஏசி வோல்ட் அளந்து ரெண்டையும் ஒரே சத்தத்துக்கு வச்சேன், ஏன்னா சத்தம் கொஞ்சம் கூட இருக்கறதுதான் எப்பவும் நல்லா இருக்கற மாதிரி தோணும். போர்வைய நடுவுல கட்டி கீபோர்டு தம்பியும் வீட்டுக்காரம்மாவும் அந்தப் பக்கம். முதல் ரவுண்டுல ரெண்டு பேரும் கண்டுபிடிச்சுட்டாங்க, பத்துக்கு எட்டு தடவை. "அண்ணா, ஒண்ணு கீழ்க்கம்பியில கொஞ்சம் குண்டா இருக்கு, இன்னொண்ணு வெறைப்பா இருக்கு"ன்னான் தம்பி. குண்டா இருந்தது வால்வு.

அந்தக் குண்டு எங்கருந்து வருதுன்னா, வால்வு ஆம்ப்ளி ஸ்பீக்கர இறுக்கிப் பிடிக்கறதில்ல, அவுட்புட் இம்பீடன்ஸ் (உள்ளயே இருக்கற எதிர்ப்பு) ஜாஸ்தி, அதனால ஸ்பீக்கர் தன் இயல்புக்கு எங்க எகிறுமோ அங்க எகிற விட்டுடுது. ஐசி, கடிவாளத்த இறுக்கிப் பிடிச்ச ஜட்கா வண்டிக்காரன் மாதிரி. கடிவாளத்தக் கொஞ்சம் தளத்த ஒரு வழி இருக்கு. ஸ்பீக்கரோட கிரவுண்டு வயர்ல 0.22 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒண்ணு தொடரா போட்டு, அவுட்புட்ட இன்புட்டுக்குத் திருப்பிக் குடுக்கற ஃபீட்பேக்கோட கீழ்முனைய கிரவுண்டுல இருந்து எடுத்து அந்த ரெசிஸ்டர் மேல வச்சேன். என் போர்டுல கெயின் (எத்தனை மடங்கு ஏத்துதுங்கறது) 21, அதால பெருக்குனா அவுட்புட் இம்பீடன்ஸ் ஏறக்குறைய 4.6 ஓம் ஆயிடுது. ஆசைப்பட்டு 0.47 போட்டா அடிக்கம்பி பானைக்குள்ள பேசுன மாதிரி ஓங்காரம், திரும்ப 0.22க்கே வந்தேன்.

ரெண்டாவது ரவுண்டுல வீட்டுக்காரம்மா நாலுக்கு ரெண்டு, தம்பி பத்துக்கு ஆறு. நாலாவது தடவைக்கு மேல "போதும் விடுங்க, தோசை மாவு பொங்குது"ன்னு அவங்க எழுந்து போயிட்டாங்க, அதனால அந்தக் கணக்கு அவ்வளவு சுத்தமில்ல. ஆனா சத்தத்த ஏத்தி உடையற எடத்துக்குக் கொண்டுபோனா யாருக்குமே சந்தேகம் வராது. வால்வு மெதுவா மடங்குது, ஐசி வெட்டுன மாதிரி நிக்குது, காதுல குத்துது. அங்க வால்வுதான் ராஜா. நான் அங்க போகவே கூடாதுன்னுதான் பெடல்ல கால வச்சிருக்கேன்.

வைகாசியில திரும்ப ஏற்காட்டுல ஒரு வாசிப்பு, எஸ்டேட் வீட்டு விசேஷம். பிடிவாதமா ரெண்டையும் கார்ல ஏத்திட்டேன். மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவத் தாண்டி மலை ஏறி 20 ஊசி வளைவுல திரும்பறதுக்குள்ள ரேடியோகிராம் சேஸிஸ்ல ஒரு வால்வு சாக்கெட்ட விட்டு எழும்பிடுச்சு, ஈசிசி 83ய விரல்ல தட்டுனா மணி அடிச்ச மாதிரி "டிங்"குனு ஸ்பீக்கர்ல கேக்குது. சாயங்காலம் சீரியல் செட் எல்லாம் போட்டதும் வோல்டேஜ் 170. வால்வோட 6.3 வோல்ட் ஹீட்டருக்கு அப்ப 4.7 கூட வராது, மங்கலா, தூக்கக் கலக்கத்துல எரியுது, சத்தமும் அப்படியே சோம்பேறியாயிடுச்சு. ஐசிக்கும் 28 வோல்ட் 21க்குக் கீழ வந்துடுச்சு, வாட் பாதிதான், ஆனா முன்பக்கத்துக்கு 15 வோல்ட் ரெகுலேட்டர் போட்டிருந்தேன், அதனால குரல் மாறல, உயரந்தான் குறைஞ்சுது. ஸ்பீக்கருக்கு முன்னாடி மைக் செட்காரர் மைக் ஒண்ணு வச்சுட்டாரு, கதை முடிஞ்சுது. வெளிய பனி எறங்கி கம்பி எல்லாம் ஈரம், பார் துடைச்சுத் துடைச்சு ஒரு கர்ச்சீப் போச்சு.

பார் பத்தியும் சொல்லிடறேன். அது ஸ்டெயின்லெஸ் ராடுல லேத்துல கடைஞ்சது, 22 மில்லி கனம், 83 மில்லி நீளம், 250 கிராம் சொச்சம். சேலத்துக்காரனுக்கு ஸ்டெயின்லெஸ்ஸுக்கு என்ன பஞ்சம்னு நெனைப்பீங்க, நம்ம உருக்காலையில வர்றது தகடு, ராடு கோயம்புத்தூர்ல இருந்துதான் வந்துச்சு.

இப்ப வால்வு வீட்டு முன்ரூம்ல இருக்கு. ராத்திரி தனியா, சின்னச் சத்தத்துல, ஒத்தக் கம்பியில ஏதாவது பழைய பாட்ட இழுக்கணும்னா அதுதான். வெளிய போறப்ப ஐசி பெட்டியும் சோப்பு டப்பாவும். யாராவது என்கிட்ட வந்து ஸ்டீல் கிட்டாருக்கு வால்வா டிரான்சிஸ்டரான்னு கேட்டா, முதல்ல சோப்பு டப்பா கட்டு, அப்புறம் நல்ல 12 இஞ்ச் ஸ்பீக்கர் வாங்கு, அதுக்கு மேலயும் காசு மிச்சமிருந்தா அந்தக் கேள்வியோட வான்னுதான் சொல்றேன். தையில நான் திட்டுன அதே மைக் செட் ஆம்ப்ளியில ஆடியில சோப்பு டப்பா போட்டு, ட்வீட்டர் இல்லாத பாக்ஸ்ல வாசிச்சேன், தாராளமா ஒப்பேறுச்சு.

பெடல்தான் இன்னும் பாக்கி. உள்ள சத்தத்தக் கூட்டிக் குறைக்கற பாட் தேஞ்சு கால் வைக்கறப்ப எல்லாம் கரகரங்குது, அதுவும் பி போட்ட லீனியர், கால் கொஞ்சம் அசைஞ்சதுமே சத்தம் முக்கால்வாசி வந்துடுது, மிச்ச தூரம் சும்மா. பஃபர் வந்துட்டதால இனி 500 கே வேண்டாம், ஏ போட்ட, காதுக்கு ஏத்த மாதிரி ஏறற லாக், 50 கே போதும். மூணு கடையில கேட்டேன், மூணு பேரும் பி எடுத்துக் குடுத்து "எல்லாம் ஒண்ணுதான் சார்"னாங்க. மெட்ராஸ்ல இருந்து ஒண்ணு பார்சல்ல வருது.